வபி சபியும் எங்கள் ஊர் ஓட்டு வீடும்

இந்த முறை கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் வீடு.

வீட்டு அலங்காரப் பத்திரிகைகளைப் புரட்டுகிறவர்களுக்கு ஒரு ஜப்பானியச் சொல் கண்ணில் பட்டிருக்கும்: வபி சபி. பூச்சு உதிர்ந்தது போன்ற சுவர், விளிம்பு சமமில்லாத மண் கிண்ணம், நரம்பு தெரியும் பழைய மர மேசை, சாயம் வெளுத்த திரைச்சீலை. குறையுள்ளதும் பழையதும் தேய்ந்ததும்தான் அழகு என்பது ஜப்பானியர் கொள்கை என்று ஒரு விளக்கமும் பக்கத்தில் இருக்கும். விலையைப் பார்த்தால்தான் தலை சுற்றும். புது மேசையை விட, பழசு மாதிரி செய்த புது மேசைக்கு விலை அதிகம்!

தேனி மாவட்டத்தில் பிறந்த எனக்கு இதைப் படித்ததும் முதலில் சிரிப்புதான் வந்தது. பூச்சு உதிர்ந்த சுவரும் கோணல் கிண்ணமும் வேண்டுமென்றால் கம்பம் பள்ளத்தாக்கில் எந்த ஊருக்கும் வரலாமே, காசு எதற்கு? ஆனால் இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்கப் படிக்க விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை. இதற்குள் பணம் இருக்கிறது, அதிகாரம் இருக்கிறது, ஒரு போர்கூட இருக்கிறது.

வபி என்பது முதலில் நல்ல சொல்லே அல்ல. ஆதரவற்று, வறுமையில், தனியாகக் கிடந்து வாடும் நிலையைத்தான் அது குறித்தது. சபி என்றால் காலத்தால் பழசாகி வெறிச்சோடிப் போவது. ஜப்பானிய மொழியில் துருவுக்கும் அதே ஒலிதான். யாரும் விரும்பாத இந்த இரண்டு நிலைகளையும் அழகுக்குப் பெயராக மாற்றியவர்கள் தேநீர் பழகியவர்கள்.

15ஆம் நூற்றாண்டில் ஜப்பானின் பெரிய மனிதர்கள் தேநீர் விருந்து வைத்தால், அது சீனப் பொருள்களின் கண்காட்சி போல இருக்கும். பளபளக்கும் சீனக் கிண்ணங்கள், சீன ஓவியங்கள். யாரிடம் அதிகம் இருக்கிறதோ அவர் பெரியவர். இதற்கு மாற்றாக ஒரு பாதையைக் காட்டியவர் முராத்தா ஜுக்கோ (1423–1502). சீனப் பொருளோடு பிசென், ஷிகராக்கி போன்ற உள்ளூர்ச் சூளைகளின் முரட்டு மண்பாண்டங்களையும் சேர்த்து வைத்துப் பார்க்கக் கற்றுக்கொள் என்று தன் சீடர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார்.

அந்தக் கடிதத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். இப்போதுதான் பழக ஆரம்பித்தவர்கள்கூட பிசென் பானையையும் ஷிகராக்கிக் கிண்ணத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு, தாங்கள் கனிந்து முதிர்ந்துவிட்டதாகக் காட்டிக்கொள்கிறார்கள், இது அபத்தம் என்று அதில் ஜுக்கோ கண்டிக்கிறார். கவனியுங்கள், 500 ஆண்டுகளுக்கு முன்னால்! வபி சபி பிறந்த வீட்டிலேயே போலி வபி சபியும் கூடப் பிறந்திருக்கிறது.

ஜுக்கோவுக்குப் பிறகு தாக்கேனோ ஜோ (1502–1555). அவருக்குப் பிறகு எல்லோருக்கும் தெரிந்த சென் நோ ரிக்யூ (1522–1591). ஜோவும் ரிக்யூவும் சகாய் என்ற துறைமுக நகரத்து வணிகர்கள். ரிக்யூவின் குடும்பம் கிட்டங்கி வைத்து வியாபாரம் செய்த குடும்பம். ஏழ்மையின் அழகைச் சொன்னவர்கள் ஏழைகள் அல்ல என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ரிக்யூ தேநீர் அறையைச் சுருக்கிச் சுருக்கி இரண்டு பாய் விரிக்கும் அளவுக்குக் கொண்டு வந்தார். கியோத்தோவுக்கு அருகே யாமசாக்கியில் இருக்கும் தாய்-ஆன் என்ற அறை அவர் அமைத்தது என்கிறார்கள், இன்று அது தேசியப் பொக்கிஷம். சுவர் வைக்கோல் கலந்த மண். வாசலோ குனிந்து ஊர்ந்துதான் நுழைய முடியும் என்கிற அளவுக்குச் சின்னது. இடுப்பில் வாளோடு வரும் படைத்தலைவனும் வாளைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத் தலை குனிந்துதான் உள்ளே வர வேண்டும். கிண்ணம் செய்ய ரிக்யூ பிடித்தது சோஜிரோ என்ற கைவினைஞரை. அவர் கூரை ஓடு செய்கிற தொழிலில் இருந்தவர் என்று சொல்வார்கள். சக்கரத்தில் சுற்றாமல் கையாலேயே பிடித்துச் செய்த அவருடைய கறுப்புக் கிண்ணங்கள்தான் ராக்கு என்ற மரபின் தொடக்கம்.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ரிக்யூ யாரிடம் வேலை பார்த்தார் தெரியுமா? முதலில் ஓடா நொபுனாகா, பிறகு டொயோடோமி ஹிதெயோஷி. ஜப்பான் முழுவதையும் வாளால் அடக்கிக்கொண்டிருந்தவர்கள். ஹிதெயோஷி 1586இல் சுவரெல்லாம் தங்கத் தகடு போர்த்திய ஒரு தேநீர் அறையைச் செய்து, அதைப் பிரித்து எடுத்துப் போய் அரண்மனையில் பேரரசருக்குக் காட்டினார். தங்க அறையின் சொந்தக்காரரும் மண் அறையின் ஆசானும் ஒரே சபையில் இருந்தார்கள். 1591இல் அந்த ஹிதெயோஷியின் உத்தரவுப்படியே ரிக்யூ வயிற்றைக் கிழித்துக்கொண்டு இறந்தார். காரணம் என்னவென்று இன்றும் வாதம் நடக்கிறது. அவர் மீது சொல்லப்பட்ட குற்றங்களில் ஒன்று, தேநீர்ப் பாத்திரங்களை அநியாய விலைக்கு விற்றார் என்பது. எளிமைக்கு அப்போதே அவ்வளவு விலை.

அடுத்த ஆண்டே, 1592இல், ஹிதெயோஷியின் படை கொரியாவுக்குள் புகுந்தது. 1598 வரை நீடித்த அந்தப் போரை ஜப்பானிலேயே சிலர் "மட்பாண்டப் போர்" என்று அழைப்பதுண்டு. ஏனென்றால் திரும்பி வந்த தளபதிகள் கொரியக் குயவர்களைக் குடும்பம் குடும்பமாகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். தேநீர்க்காரர்கள் அப்போது தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியவை கொரியக் கிண்ணங்கள். அவற்றில் பெரிய பெயர் பெற்றது கிசாஎமோன் என்ற கிண்ணம். கியோத்தோவின் தைத்தோக்குஜி மடத்தைச் சேர்ந்த ஒரு சிறு கோயிலில் இருக்கிறது, அதுவும் தேசியப் பொக்கிஷம். 1931இல் அதை நேரில் பார்த்த யானகி சோஎட்சு என்ற அறிஞர், கொரியாவில் ஒரு ஏழை தினமும் சாப்பிடப் பயன்படுத்தும் சாதாரணக் கிண்ணம் இது என்று எழுதினார். நாட்டுப்புறக் கைவினைகளுக்காக 1936இல் தோக்கியோவில் அருங்காட்சியகம் திறந்தவர் அவர்.

கிசாஎமோன் என்பது அந்தக் கிண்ணத்தை வைத்திருந்த ஒசாக்கா வணிகரின் பெயர். செய்த குயவரின் பெயர் யாருக்கும் தெரியாது.

இதில் நம் கடற்கரைக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு என்று தெரிந்தபோது எனக்கு ஆச்சரியம். ஜப்பானில் ஒருவகைக் கோடு போட்ட பருத்தித் துணிக்கு "சந்தோமே" என்று பெயர். நம் மயிலாப்பூர் சாந்தோம்தான்! போர்த்துகீசியர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து கொண்டுபோன துணி, ஊர்ப்பெயரையும் சேர்த்துக்கொண்டு போய்விட்டது. பூவேலை செய்த இந்தியச் சாயத் துணிகளையும் தேநீர்க்காரர்கள் விடவில்லை. துண்டு துண்டாக வெட்டி, கிண்ணத்துக்கும் தேநீர்ச் சிமிழுக்கும் பை தைத்தார்கள். கிழிசலைக்கூடத் தூக்கி எறிய மாட்டார்கள். நெய்தவர் பெயரும் சாயம் தோய்த்தவர் பெயரும் அங்கேயும் இல்லை.

வெளிநாட்டு வாசகர்களுக்கு இந்தத் தேநீர் அழகியலை முதலில் பெரிய அளவில் கொண்டு போனவர் ஒகாக்குரா காக்குஸோ. 1902இல் கல்கத்தாவில் தாகூர் குடும்பத்தோடு பழகியவர், 1906இல் தேநீர் பற்றி ஆங்கிலத்திலேயே ஒரு புத்தகம் எழுதினார். வபி சபி என்று இரண்டையும் ஒட்டி ஒரு அலங்காரப் பாணியாக உலகம் பேச ஆரம்பித்தது அதற்கும் வெகுகாலம் கழித்து, லெனார்ட் கோரன் என்ற அமெரிக்கர் 1994இல் எழுதிய சிறு நூலுக்குப் பிறகு.

சரி, நம்மிடம் இப்படி ஒரு எண்ணம் உண்டா?

"நம் முன்னோர் அன்றே சொன்னார்கள்" என்று ஆரம்பித்துவிட எனக்கு விருப்பமில்லை. உள்ளபடி பார்த்தால் தமிழர் வீட்டில் உடைந்ததற்கு இடமில்லை. கீறல் விழுந்த கண்ணாடியை வைத்திருந்தால் திட்டு விழும். பின்னமான சிலையைக் கும்பிட மாட்டோம். பொங்கலுக்குப் புதுப்பானை, முந்தின நாள் போகிக்குப் பழையது நெருப்பில். ஏன் இவ்வளவு பயம்? எனக்குத் தோன்றும் காரணம் கொள்ளிக்குடம். தோளில் வைத்த பானையில் ஓட்டை போட்டு, தண்ணீர் ஒழுக ஒழுகச் சுற்றி வந்து, கடைசியில் போட்டு உடைப்பதைச் சுடுகாட்டில் பார்த்த ஒருவருக்கு, ஓட்டைப் பானை வேறு எதை ஞாபகப்படுத்தும்? ஜப்பானியர் உடைந்த கிண்ணத்தை அரக்கும் தங்கப்பொடியும் வைத்து ஒட்டி, அந்தக் கோட்டைப் பெருமையாகக் காட்டுகிறார்கள். நம் வீட்டில் அதைக் கொண்டு வந்து வைத்தால் "முதல்ல இதக் கொண்டுபோய் வெளிய போடு" என்றுதான் சொல்வார்கள்.

குழந்தை கன்னத்தில் வைக்கும் திருஷ்டிப் பொட்டு வேண்டுமானால் கணக்கில் வரலாம். முழு அழகாக இருக்கக் கூடாது என்று நாமே வைக்கிற குறை. ஆனால் அது கண்ணேறுக்குப் பயந்து வைப்பது, ரசித்து வைப்பது இல்லை.

அதற்காக ஜப்பான் பழசை விரும்பும் நாடு, நாம் புதுசை விரும்பும் கூட்டம் என்று பிரித்துவிடவும் முடியாது. அவர்களுடைய பெரிய ஆலயமான இசேயை 20 ஆண்டுக்கு ஒருமுறை புது மரத்தில் புதிதாகக் கட்டுகிறார்கள். கடைசியாக முடித்தது 2013இல். நாம் 12 ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் செய்து கோபுரத்துக்கு வண்ணம் பூசுகிற மாதிரிதான்.

நம்மிடம் இருந்தது பழுது பார்க்கும் பழக்கம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருவார். அம்மி கொத்துகிறவர் வருவார், குடை ரிப்பேர்க்காரர் வருவார். போடிநாயக்கனூர் பக்கம் இலவம்பஞ்சு வியாபாரம் அதிகம். மெத்தை கட்டிதட்டிப் போனால் தூக்கி எறிவதில்லை, பஞ்சை வெயிலில் காயவைத்து அடித்து மறுபடி திணிப்பார்கள். ஓட்டை விழுந்த பிளாஸ்டிக் குடத்தைச் சூடு வைத்து ஒட்டித் தருகிறவர்கள்கூட இருந்தார்கள். பச்சைக் குடத்தில் சிவப்பு ஒட்டு! தங்கப்பொடிக்கு எங்கள் ஊர்ப் பதில் அது :) ஆனால் யாரும் அந்த ஒட்டை அழகு என்று பார்த்ததில்லை. தண்ணீர் ஒழுகாமல் இருந்தால் போதும்.

இனி வீட்டுக்கு வருவோம். எங்கள் பள்ளத்தாக்கில் வீடுகளை மூன்றாகத்தான் சொல்வார்கள்: கூரை வீடு, ஓட்டு வீடு, காரை வீடு. ஒருவர் வாழ்க்கையில் முன்னேறினாரா என்பதை இந்த வரிசையை வைத்தே சொல்லிவிடலாம். நாட்டு ஓட்டைக் குயவர்கள் சக்கரத்தில் வைத்துக் குழாய் மாதிரி வனைந்து, காயும் முன்னே நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து சுடுவார்கள். ஒன்று போல ஒன்று இருக்காது, நிறமும் சூளையில் எந்த இடத்தில் இருந்தது என்பதைப் பொறுத்தது. மண் சுவரோ கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவரோ, ஒரு முழத்துக்குக் குறையாது. உள்ளே முற்றம், குலுக்கை, உறி. வாசல் நிலை தாழ்வாக இருக்கும், குனியாமல் போனால் நெற்றியில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ரிக்யூவின் குட்டி வாசலைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அதுதான்.

சின்னமனூர் பக்கம் ஒரு கிராமத்தில் எங்கள் அம்மாச்சி வீடு அப்படிப்பட்டது. ஒரு விடுமுறையில் அவரிடம் இந்த ஜப்பான் கதையை எல்லாம் சொல்லி, "நம்ம வீடு மாதிரி வீட்டத்தான் இப்ப எல்லாரும் அழகுங்கிறாங்க அம்மாச்சி" என்றேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்: "மழ பேஞ்சா எத்தன எடத்துல சட்டி வைக்கணும்னு அவுகளுக்குத் தெரியுமாய்யா? வருசா வருசம் ஓடு மாத்தணும். கொரங்கு வந்து குதிச்சா மறுபடி மாத்தணும். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம சாணி மெழுகி மெழுகி என் இடுப்பு போச்சு. அழகாம்ல!"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. வபி என்ற சொல்லின் பழைய அர்த்தம் அவருக்கு அகராதி இல்லாமலே தெரிந்திருக்கிறது.

அந்த வீட்டை இடிப்பதென்று மாமாக்கள் முடிவு செய்தபோது, செங்கல்லுக்கோ ஓட்டுக்கோ யாரும் கேட்டு வரவில்லை. நிலைக்கதவு, தூண், உத்திரம், ஆட்டுரல் ஆகியவற்றைக் கேட்டு ஒரு வியாபாரி வந்தார். இப்படிப் போகும் சாமான்கள் பிறகு விடுதி வாசல்களில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். உரலில் தண்ணீர் ஊற்றி ரோஜா இதழ் மிதக்கும், நெல் அளந்த மரக்காலில் குடை சொருகியிருக்கும், கதவு படுத்துக் கண்ணாடி போர்த்தி மேசையாகியிருக்கும்.

இந்த வியாபாரத்துக்குத் தமிழ்நாட்டில் பேர் போன இடம் காரைக்குடி. முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள். கதவு, தூண், பீங்கான், எனாமல் பாத்திரம், ரவிவர்மா படம் என்று எல்லாம் கிடைக்கும். அவை எப்படிக் கடைக்கு வந்தன? நகரத்தார் 19ஆம் நூற்றாண்டின் பாதியிலிருந்து பர்மாவில் வட்டித் தொழில் செய்து, அங்கிருந்து தேக்கைக் கொண்டுவந்து கட்டிய வீடுகள் செட்டிநாட்டு வீடுகள். 1942இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தது. ஆயிரக்கணக்கானவர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். போருக்குப் பின் சுதந்திர பர்மா நிலங்களை அரசுடைமை ஆக்கியபோது மிச்சமிருந்ததும் போனது. வருமானம் நின்ற குடும்பங்களால், பங்காளிகள் பலருக்குப் பொதுவான அவ்வளவு பெரிய வீடுகளைப் பராமரிக்க முடியவில்லை. தூண் தூணாகக் கழன்று கடைக்கு வந்தன.

ஜப்பானியப் பாணி என்று சொல்லி ஒருவர் தன் வரவேற்பறையில் நிறுத்தும் பழைய செட்டிநாட்டுத் தேக்குத் தூண், ஜப்பானியப் படையெடுப்பால் நொடித்த ஒரு வீட்டின் தூணாகவே இருக்கலாம். இதை நினைக்கும்போது எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை, என்னவோ போல் இருந்தது. 1996இல் முட்டுக்காட்டில் திறந்த தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீட்டை முழுதாகப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். எந்த ஊர், யார் வாழ்ந்தது, எந்த அறை எதற்கு என்றாவது அங்கே தெரிகிறது. கடையில் நிற்கும் தூணுக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை, கொரியக் கிண்ணம் மாதிரி.

பழசைப் பழசாக வைத்துப் புழங்குவதென்றால் என்னவென்று பார்க்க எங்கள் பகுதியில் வேறு ஒன்று இருக்கிறது, யாரும் அலங்காரம் என்று சொல்லாதது. பென்னிகுக் 1887இல் தொடங்கி 1895இல் முடித்த முல்லைப் பெரியாறு அணை. உள்ளே இருப்பது சுண்ணாம்பும் சுர்க்கியும், அதாவது செங்கல் பொடி, சேர்ந்த காரை. எங்கள் பழைய சுவர்களின் சாந்துக்கு உறவுக்காரன். 1979க்குப் பிறகு அதன் தலையில் கான்கிரீட் போட்டார்கள், உள்ளே கம்பிகளை இறக்கி இறுக்கினார்கள், முதுகில் கான்கிரீட் முட்டுக் கொடுத்தார்கள். அது போதுமா, எவ்வளவு உயரம் தண்ணீர் நிறுத்தலாம் என்று இரண்டு மாநிலங்கள் வழக்காடி, 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடி என்றது. அந்த அணை பழையது என்பதில் எங்கள் ஊரில் யாருக்கும் ரசனை கிடையாது. அது நிற்பதால்தான் இரண்டு போகம் நெல். பள்ளத்தாக்கில் பல வீடுகளில் சாமி படத்தோடு பென்னிகுக் படமும் மாட்டியிருக்கும், எங்கள் ஊர் சுவர் அலங்காரம் அது.

கூடலூருக்கு மேலே மலை விளிம்பில் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலும் அப்படித்தான். கல் சரிந்து, புல் முளைத்து, ஆண்டுக்கு ஒரே ஒரு நாள், சித்ரா பௌர்ணமிக்கு மட்டும் திறக்கிற கோயில். ஒரு தேநீர் ஆசான் பார்த்தால் சொக்கிப் போவார். பளியங்குடி வழியாகக் காட்டுக்குள் ஏறி வரும் சனங்கள் சிதிலத்தைப் பார்க்க வருவதில்லை, கண்ணகியைப் பார்க்க வருகிறார்கள். கோயிலைச் சீரமைத்துக் கட்ட வேண்டும் என்றே பல ஆண்டுகளாகக் கேட்கிறார்கள். கல்லை அப்படியே விட வேண்டுமா, எடுத்துக் கட்ட வேண்டுமா என்று என்னைக் கேட்டால், ஏறி வருகிறவர்கள் பக்கம்தான் நான். ஆனால் சிமெண்டும் எனாமல் பெயிண்டும் வேண்டாம், அந்தக் கல்லையே எடுத்து அடுக்கட்டும்.

அம்மாச்சி வீட்டு விஷயத்திலும் வீட்டில் பெரிய வாக்குவாதம் நடந்தது. தூண்களும் உத்திரமும் போய்விட்டன. நிலையை மட்டும் பெரிய மாமா விற்க விடவில்லை. புது வீட்டு வாசலுக்கு அது உயரம் போதாது என்று ஆசாரி சொல்லிவிட்டதால் சாமி அறைக்கு வைத்திருக்கிறார்கள். அம்மாச்சிக்குத் தரை டைல்ஸ் ரொம்பப் பிடித்திருக்கிறது, ஒரு தடவை துடைத்தால் போதுமாம். ஆட்டுரலையும் கொடுக்க விடவில்லை அவர். வேப்பமரத்தடியில் கிடக்கிறது. அதில் பூவெல்லாம் மிதக்கவில்லை, கோழிகள் தண்ணீர் குடிக்கின்றன.